ஐந்து வயதுக் குழந்தைக்கு இயற்கை ஒளியையும் செயற்கை ஒளியையும் கதை வழியாகச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

“சூரியன் இயற்கை ஒளி, பல்பு செயற்கை ஒளி என்று என் மகள் கடகடவென ஒப்பிக்கிறாள், நிலா எதில் சேரும் என்று கேட்டால் விழிக்கிறாள்” என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். விழிப்பது நல்லதுதான். யோசிக்கிறாள் என்று பொருள்.

மழலையர் வகுப்பில் கதை சொல்வது என் வேலை. சூரியத் தாத்தாவும் பல்புத் தம்பியும் யார் பெரியவர் என்று சண்டை போடும் கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. பல்பை எடுத்துவிட்டுக் குடையை வைத்தாலும் அந்தக் கதை அப்படியே ஓடும். இரண்டு ஒளிக்கும் உள்ள வேறுபாட்டால்தான் கதையில் சிக்கலே வர வேண்டும். அப்போது குழந்தை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதற்கு வாகானது கடலாமைக் குஞ்சின் கதை. மணலுக்கு அடியில் முட்டையை உடைத்துக்கொண்டு, இரவில் மேலே வருகிறது ஒரு குஞ்சு. அம்மா அருகில் இல்லை; முட்டையிட்ட கையோடு கடலுக்குத் திரும்பிவிட்டாள். கடல் எந்தப் பக்கம் என்று யாரிடம் கேட்பது? குஞ்சுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வெளிச்சமான பக்கம் போக வேண்டும். மரங்களும் மணல்மேடுகளும் மறைப்பதால் நிலப்பக்கம் கும்மிருட்டு. நிலவும் விண்மீன்களும் ஒளிர்வதால் கடற்பக்கம் கொஞ்சம் வெளுத்திருக்கும். பல கோடி ஆண்டுகளாக ஆமைகள் இப்படித்தான் வழி கண்டுபிடித்தன. இன்றைக்கோ சாலையோரம் பளீரென்று ஒரு விளக்குக் கம்பம் நிற்கிறது. குஞ்சு சாலைப் பக்கம் திரும்பி நடக்கிறது!

இங்கே நிறுத்திவிடுவேன். “அது நிலா இல்லை, விளக்கு!” என்று வகுப்பே கத்தும். “குஞ்சுக்கு அது எப்படித் தெரியும்?” என்று கேட்பேன். எதை மனிதர் ஏற்றினார்கள், எதை நம்மால் அணைக்க முடியும் என்று பிள்ளைகள் தாங்களே பிரிக்கத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். தீர்வும் அவர்களிடமிருந்தே வரும்: விளக்கை அணைக்கலாம், துணி போட்டு மூடலாம். (குஞ்சுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடலாம் என்றான் ஒரு பையன்.) ஆமைகள் முட்டையிடும் கடற்கரைகள் பலவற்றில் உண்மையிலேயே நடப்பதும் ஏறக்குறைய அதுதான்: குஞ்சு பொரிக்கும் காலத்தில் விளக்குகளை அணைக்கிறார்கள், கடற்கரையிலிருந்து தெரியாதபடி மறைப்பு வைக்கிறார்கள், வெள்ளை விளக்குக்குப் பதில் செம்மஞ்சள் விளக்கு போடுகிறார்கள்.

நிலாவுக்கு வருவோம். நிலவொளி இயற்கை ஒளிதான். ஆனால் நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரிய ஒளி அதன்மேல் பட்டுத் திரும்புவதைத்தான் பார்க்கிறோம். இதை வாயால் சொல்வதைவிட, இருட்டறையில் ஒரு வெள்ளைப் பந்தின்மேல் டார்ச் அடித்துக் காட்டுங்கள். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, பந்து எங்கே என்று கேளுங்கள். பூனைக் கண்ணும் இந்த வகைதான். முழு இருட்டில் அது மின்னாது.

மின்மினி வேறு கதை. அதன் வயிற்றில் வேதிப்பொருள்கள் சேர்ந்து ஒளியை உண்டாக்குகின்றன, வெப்பம் அனேகமாக இல்லை. துணையை அழைக்க அதுவே விட்டுவிட்டு ஒளிர்கிறது. “அப்படியானால் அதற்குள் ஸ்விட்ச் இருக்கிறதா?” என்று கேட்பார்கள். இருக்கிறது என்றே சொல்லலாம், ஆனால் அது மனிதர் செய்த ஸ்விட்ச் அல்ல.

நெருப்பில்தான் பெரியவர்களே தடுமாறுவார்கள். மின்னல் தாக்கிக் காடு பற்றிக்கொண்டால் அது இயற்கை. அதே தீயில் ஒருவர் பந்தத்தைக் கொளுத்தி வழி பார்த்தால்? பாடப்புத்தகம் செயற்கை என்றுதான் சொல்லும். நான் பதில் சொல்லாமல் விட்டுவிடுவேன், பிள்ளைகள் வாதாடட்டும்.

ஆமைக் கதையோடு நிறுத்தினால் மட்டும் ஒரு சங்கடம் உண்டு. விளக்கு என்றாலே வில்லன் என்று குழந்தை முடிவுகட்டிவிடும். ஆகவே அடுத்த நாள், இருட்டில் பாறையில் மோத இருந்த கப்பலைக் கலங்கரை விளக்கம் காப்பாற்றும் கதையைச் சொல்லுங்கள்.

சூரியனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதன் ஒளி சுமார் 15 கோடி கிலோமீட்டர் கடந்து, ஏறத்தாழ 8 நிமிடத்தில் நம்மிடம் வருகிறது என்பது ஐந்து வயதில் வெறும் பெரிய எண்தான். ஆனால் கதை முடிந்ததும் வெளியே ஓடிச் சூரியனை நேராகப் பார்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள், விழித்திரை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். தரையில் விழும் நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள். காலையிலும் நண்பகலிலும் அதன் நீளத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால், அடுத்த கதைக்கான கேள்வியோடு அவளே வருவாள்.