அனுதின உணவா, வேண்டிய ஆகாரமா?

கேள்வி: நாங்க சிஎஸ்ஐ, மருமக ஆர்சி குடும்பம். ராத்திரி ஜெபத்துல பரமண்டல ஜெபம் சொல்லும்போது நான் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை"ம்பேன், அவ "எங்கள் அனுதின உணவை"ம்பா. அந்த இடம் வந்தா ரெண்டு பேருக்கும் தடுக்குது. எது சரி?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: ரெண்டும் சரிதாம்மா. ஏன்னா மூலத்துல இருக்கிற கிரேக்க வார்த்தைக்கே இன்னதுதான் அர்த்தம்னு இன்னைக்கு வரைக்கும் யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியல. 'எபியூசியோஸ்'னு வரும், மத்தேயு 6:11லயும் லூக்கா 11:3லயும். கிரேக்கத்துலயே எழுதி வாழ்ந்த ஓரிகன்ங்கிற வேத அறிஞர் 3ஆம் நூற்றாண்டுல என்ன சொல்றார்னா, இத ஜனங்களும் பேசறதில்ல, படிச்சவங்களும் எழுதறதில்ல, சுவிசேஷம் எழுதினவங்களே உண்டாக்கின வார்த்தை போலன்னு. ஜெரோம் லத்தீன்ல மொழிபெயர்க்கும்போது லூக்காவுல 'தினசரி'ன்னு போட்டுட்டு மத்தேயுல அதே வார்த்தைக்கு 'சாதாரண உணவுக்கும் மேலான'ங்கிற மாதிரி வேற ஒண்ணு போட்டார். நாளைக்கு உள்ள உணவுன்னு சொல்றவங்களும் உண்டு.

இதுல ஒரு சம்பவம் இருக்கு. எகிப்துல கிடைச்ச ஒரு பழைய செலவுக் கணக்கு, கொண்டைக்கடலை வைக்கோல்னு எழுதின நம்ம மளிகை லிஸ்ட் மாதிரி, அதுல இந்த வார்த்தை இருக்குன்னு ஒருத்தர் படிச்சுச் சொல்ல, அப்போ அன்னன்னைக்கு அளக்கிற படிதான் அர்த்தம்னு ரொம்ப வருஷமா பலரும் நம்பினாங்க. நடுவுல அந்த ஏடு எங்க போச்சுன்னே தெரியல. 1998ல யேல் யூனிவர்சிட்டி லைப்ரரியில திரும்பக் கிடைச்சு நல்லாப் பாத்தா, அந்த வார்த்தை வெறும் 'எண்ணெய்'!

எனக்கு இந்த வரி வரும்போதெல்லாம், வனாந்தரத்துல இஸ்ரவேலருக்கு வானத்துலேர்ந்து கிடைச்ச மன்னாங்கிற உணவுதான் ஞாபகத்துக்கு வரும். யாத்திராகமம் 16ல தலைக்கு ஒரு ஓமர்ங்கிற அளவு, அவ்வளவுதான், நாளைக்குன்னு எடுத்து வச்சவங்களுக்கு விடிஞ்சா புழுவும் நாத்தமும். அதுல அளவும் இருக்கு, நாளும் இருக்கு. உங்க 'வேண்டிய' அளவச் சொல்லுது, மருமகளோட 'அனுதின' நாளச் சொல்லுது, ரெண்டு பேரும் ஒரே கூடையத்தான் ஆளுக்கொரு பக்கமா பிடிச்சிருக்கீங்க. நீதிமொழிகள் 30:8-9ல "என் படியை எனக்கு அளந்து"ன்னு நம்ம பழைய மொழிபெயர்ப்புல இருக்கு பாருங்க, சாமி படியளக்கும்னு ஊர்ல சொல்ற அதே படி! அந்த வார்த்தைய அங்க கொண்டு வந்து வச்ச கைய எடுத்துக் கும்பிடணும் போல இருக்கும் எனக்கு. ஒருநாள் உங்க வார்த்தையில சொல்லுங்க, ஒருநாள் அவ வார்த்தையில சொல்லுங்க.

கேள்வி: அதே ஜெபத்துல சிலர் 'கடன்களை மன்னியும்', சிலர் 'பாவங்களை'ங்கிறாங்களே?
- வாசகர், கரூர்

பதில்: இயேசு பேசின அரமேயிக்ல 'ஹோபா'ன்னு ஒரு வார்த்தை, கடனும் அதான், பாவமும் அதான். மத்தேயு கிரேக்கத்துல கடன்னு வச்சுக்கிட்டார். லூக்கா பாவம்னு எழுதினார், ஆனா அதே வசனத்துல அடுத்தாப்ல "எங்களிடத்தில் கடன்பட்ட எவனுக்கும்"னு கடன் திரும்ப வந்துருச்சு.