திருகோணமலை: டிசம்பரில் புறாத்தீவுக்குச் செல்லலாமா?

டிசம்பர் இறுதியில் திருகோணமலைக்கு அருகிலுள்ள புறாத்தீவில் பவளப்பாறைகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்; அதை நம்பித் திட்டமிட வேண்டாம், மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களே ஏற்றவை.

டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குக் கரையில் நேராக மோதுவதால், நிலாவெளிக் கடற்கரையிலிருந்து தீவு ஏறத்தாழ 1 கி.மீ. தொலைவிலேயே இருந்தாலும், படகு செல்வது நிச்சயமில்லை. சென்றாலும் நீர் கலங்கியிருக்கும். இலங்கையின் தென்மேற்குக் கரைக்கு டிசம்பர் நல்ல மாதம் என்பதே இக்குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

தேதியை மாற்ற இயலாதெனில், முதல் நாள் மாலையே படகோட்டியிடம் கடல்நிலையைக் கேளுங்கள். அவர் தயங்கினால் வற்புறுத்தாமல், 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கட்டிய பிரட்ரிக் கோட்டையையும், அதன் வழியே ஏறிச் சென்று கோணேசர் கோயிலையும், பின்னர் கன்னியா என்னும் ஊரின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் பாருங்கள். மழை நாளில் அந்த வெந்நீர் தனிச் சுகம்.

புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால், படகுக் கூலியோடு நுழைவுக் கட்டணமும் தனியாக உண்டு.