பிரவுசரில் தெரியும் ஆபீஸ் கம்ப்யூட்டர்

கேள்வி: வீட்டு லேப்டாப்பில் எந்த சாஃப்ட்வேரும் போடாமல், பிரவுசரிலேயே ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறக்கிறேன். ஃபைல்களெல்லாம் என் லேப்டாப்புக்கு வந்துவிடுமா?

பதில்: வராது. உங்களுக்கு வருவது திரையின் படம்தான். நடுவில் கேட்வே என்றொரு சர்வர் இருக்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரோடு அது, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் ஆர்டிபி அல்லது விஎன்சி முறையில் பேசும். உங்கள் பிரவுசரோடு பெரும்பாலும் வெப்சாக்கெட் என்ற, திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு வழியாக. நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டினால், எந்த விசை என்ற தகவல் மட்டும் போகிறது. எழுத்து விழுவது அங்கே. திரையில் மாறிய அந்தச் சின்னத் துண்டு மட்டும் படமாகத் திரும்பி வர, பிரவுசர் அதை வரைகிறது. டைப் செய்யும்போது சமாளிக்கும் இணைப்பு, முழுத் திரையும் மாறும் வீடியோவில் திணறுவது அதனால்தான். இந்த கேட்வே வேலைக்கு நான் பலருக்கும் அமைத்துத் தருவது அப்பாச்சி குவாகமோலே என்ற சாஃப்ட்வேர். ஓப்பன் சோர்ஸ், தாராளமாக நம்பலாம்.

ஆனால் ஃபைல் டிரான்ஸ்ஃபர் திறந்திருந்தால் ஃபைலும், கிளிப்போர்டு திறந்திருந்தால் காப்பி செய்த எழுத்தும் வெளியே வர வழி உண்டு. உங்கள் அட்மினிடம் கேளுங்கள். ஆர்டிபிக்கான வாசலான 3389 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கேட்வேயின் 443 போர்ட் (பாதுகாப்பான வெப்சைட்டுகளுக்கான வழக்கமான வாசல்) போதும், ஓடிபியோடு.

இன்னொன்று: கன்ட்ரோல்-டபிள்யூ அடித்தால் பிரவுசர் டேப் மூடிக்கொள்ளும். பதற வேண்டாம். ஆர்டிபி என்றால் வேலை பொதுவாக அங்கே அப்படியே இருக்கும். மறுபடி லாகின் செய்யுங்கள்.