வண்டிக்கு வைத்தியம்: செல்ஃப் சுற்றுது, என்ஜின் பிடிக்கலை!

கேள்வி: என்னுடையது ஆறு வருடப் பழைய பெட்ரோல் கார். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் இருந்து வாசலுக்கு எடுத்துக் கழுவிவிட்டு, மறுபடி உள்ளே விட்டேன். மறுநாள் காலை செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது. ஃப்யூயல் பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– ஈரோடு வாசகர்

வேண்டாம். இவ்வளவு வாடை அடிக்கிறதென்றால் பெட்ரோல் வந்துகொண்டுதான் இருக்கிறது. சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பின் சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று சத்தம் வந்தால் பம்ப்புக்கு உயிர் இருக்கிறது. உங்கள் வண்டிக்கு வந்திருப்பது, பட்டறையில் 'ஓவர்ஃப்ளோ' என்பார்களே, அதுதான். தேவைக்கு மேல் பெட்ரோல் சிலிண்டருக்குள் போய், பொறி தரும் ஸ்பார்க் ப்ளக் நனைந்துவிட்டது.

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்யூட்டர் வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டித்தான் தரும். குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. பாதி சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடினால் சூடேறி அது எரிந்துவிடும். பத்தடி நகர்த்திவிட்டு அணைத்தால் எரியாத பெட்ரோலும் கரியும் ப்ளக் மூக்கில் படிந்துவிடும். அடுத்த ஸ்டார்ட்டில் அதன்மேல் இன்னொரு டோஸ். ஈரமும் கரியும் படிந்த ப்ளக்கில் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பொறியாவதற்குப் பதில், அந்தப் படிவு வழியே எர்த்துக்கு நழுவிவிடும். பொறி இல்லை, ஆனால் ஒவ்வொரு செல்ஃபுக்கும் பெட்ரோல் மட்டும் உள்ளே போகிறது. அதனால்தான் அடிக்க அடிக்க நிலைமை மோசமாகிறது.

முதல் வேலை, பத்து நிமிடம் வண்டியைத் தொடாமல் விடுவது. பிறகு ஏசி, லைட், பாட்டு எல்லாவற்றையும் அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சையும் மிதியுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தரை தொடும்வரை அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில், அதாவது கம்ப்யூட்டர் சொல்படி இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டிகளில், த்ராட்டில் எனும் காற்றுக் கதவு முழுக்கத் திறந்திருக்கும்போது செல்ஃப் சுற்றினால், கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை நிறுத்திவிடும்; காற்று மட்டும் போய் உள்ளிருக்கும் பெட்ரோலை விரட்டும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து விநாடிதான். நடுவில் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுக்காவிட்டால் செல்ஃப் மோட்டார் சூடாகிக் கருகும். மூன்று நான்கு முறைக்குள் திக்கித் திணறிப் பிடிக்கும். பிடித்த உடனே காலை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் என்ஜின் அலறும். சைலன்சரில் கரும்புகை வந்தால் பயப்பட வேண்டாம், ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். பட்டன் ஸ்டார்ட் ஆட்டோமேட்டிக் என்றால் இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்ஸிலேட்டரில். இரண்டு காலையும் பயன்படுத்தச் சொல்லும் அபூர்வமான சந்தர்ப்பம் இது!

இதற்கும் மசியாவிட்டால் ப்ளக்கைக் கழற்றத்தான் வேண்டும். என்ஜின் ஆறியிருக்கட்டும், ப்ளக் மாட்டியிருக்கும் அலுமினிய ஹெட்டில் சூட்டோடு கழற்றினால் மரை போய்விடும். இக்னிஷனை அணைத்து ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்குங்கள். ப்ளக்குக்கு மின்சாரம் தரும் ஒவ்வொரு காயிலின் கனெக்டரையும் விடுவித்து, அதன் போல்ட்டைக் கழற்றிக் காயிலை உருவுங்கள். ப்ளக் குழியில் உள்ள மண்ணை ஊதி எடுத்த பிறகே ஸ்பானர் போட வேண்டும். புது வண்டிகளுக்குப் பெரும்பாலும் 16 எம்.எம்., பழைய வண்டிகளுக்கு 21 எம்.எம். வெளியே வந்த ப்ளக் ஈரமாகப் பளபளத்து வாடை அடித்தால் ஓவர்ஃப்ளோ உறுதி. காய்ந்த கரி என்றால் நாள்பட ரிச்சாக, அதாவது பெட்ரோல் மிகுந்து ஓடுகிறது. எண்ணெய்ப் பசை என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. பிஸ்கட் நிறம்தான் ஆரோக்கியம்.

ப்ளக்கைத் துணியால் துடைத்து வெயிலில் அரைமணி நேரம் வையுங்கள். சாதா ப்ளக்கைப் பித்தளை பிரஷால் தேய்க்கலாம், உப்புத்தாள் கூடாது. இரிடியம் ப்ளக்கின் முனையில் பிரஷே படக்கூடாது. பெட்ரோலில் ஊறியதைக் கேஸ் அடுப்பில் காட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இதற்கிடையில் காயில் கனெக்டர்களை மாட்டாமலே, ஐந்து ஐந்து விநாடியாக இரண்டு முறை செல்ஃப் அடியுங்கள். ப்ளக் துளைகளில் இருந்து பெட்ரோல் ஆவியாகச் சீறும். பக்கத்தில் பீடி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது, முகத்தையும் நேரே நீட்டக் கூடாது. திரும்ப மாட்டும்போது முதலில் கையாலேயே முழுக்க முடுக்கி, பிறகு ஸ்பானரால் சிறிது இறுக்கினால் போதும். காயில், கனெக்டர், ஃப்யூஸ் மூன்றையும் திரும்ப மாட்ட மறக்காதீர்கள்.

இனி கழுவ எடுத்தால் சும்மா ஒரு சுற்று போய் வாருங்கள். முடியாவிட்டால் ஐந்து நிமிடமாவது ஐட்லிங்கில் ஓடவிட்டு அணையுங்கள்.

கேள்வி: ப்ளக் நான்கையும் காயவைத்துப் போட்டாகிவிட்டது. பொறியும் நன்றாக வருகிறது. ஆனாலும் பிடிக்கவில்லை. செல்ஃப் முன்னைவிட வேகமாகச் சுற்றுவதுபோல் இருக்கிறது.
– திண்டுக்கல் வாசகர்

கடைசி வரியில் விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நல்ல என்ஜினை செல்ஃப் சுற்றும்போது 'ர்ர்… ர்ர்… ர்ர்' என்று ஏறி இறங்கும். உங்களுடையது ஒரே சீராக 'விர்ர்ர்' என்று போகிறது, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். அதிகப் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிவிட்டதால் ரிங் ஓரம் காற்று கசிகிறது. ப்ளக் துளை வழியே ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. என்ஜின் ஆயில் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ப்ளக் போடாமல் சில விநாடி சுற்றவிட்டு, பிறகு ப்ளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். நீலம் கலந்த வெள்ளைப் புகை தெருவை நிறைக்கும், அக்கம்பக்கத்தில் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றுங்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

கேள்வி: அப்பா காலத்துக் கார்புரேட்டர் மாருதி 800. காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கும். மதிய வெயிலில் கடைக்குப் போய் பத்து நிமிடம் நிறுத்தினால் பிடிக்காது. சோக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரை நான்கைந்து தடவை மிதித்தும் பலனில்லை.
– மதுரை வாசகர்

அந்த இரண்டும்தான் வினை! ஓடி நின்ற என்ஜினின் சூட்டில் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் சிறு தொட்டியான ஃப்ளோட் சேம்பரில் உள்ள பெட்ரோல் கொதித்து, என்ஜினுக்குப் போகும் மேனிஃபோல்டு குழாய்க்குள் வழிகிறது. நீங்கள் சோக்கை இழுத்துக் காற்றை அடைக்கிறீர்கள். கார்புரேட்டரில் ஒவ்வொரு மிதிக்கும் ஆக்ஸிலேட்டர் பம்ப் ஒரு பீச்சு பெட்ரோலை உள்ளே தெளிக்கும். சோக்கை முழுக்கத் தள்ளிவிட்டு, ஆக்ஸிலேட்டரை மெதுவாக ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு மிதிக்கவே கூடாது.

காலையிலும் இதே தொல்லை ஆரம்பித்தால் அந்தத் தொட்டிக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் நீடில் வால்வைப் பாருங்கள். அதன் கூர்முனையில் வளையமாகத் தேய்மானம் விழுந்திருந்தாலோ தூசி சிக்கியிருந்தாலோ பெட்ரோல் நிற்காமல் இறங்கும். தொட்டியில் மிதக்கும் ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் அது ஓட்டை, மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: இப்படி அடைத்துக்கொண்ட வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?
– நாகர்கோவில் வாசகர்

புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், பிடித்த பிறகு கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதன் உள்கட்டையை உருக்கிவிடும். ஆட்டோமேட்டிக்கில் தள்ளினாலும் நடக்காது.

கேள்வி: வாரம் ஒருமுறையாவது ப்ளக் நனைகிறது. வண்டி தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓடுகிறது.
– வேலூர் வாசகர்

அப்படியானால் ஓட்டும் முறையில் பிழை இல்லை, பாகத்தில் இருக்கிறது. என்ஜின் சூட்டை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரில் தொடங்குங்கள், விலையும் குறைவு. அது கெட்டால் சென்னை வெயிலையும் கம்ப்யூட்டர் காஷ்மீர் என்று நினைத்துப் பெட்ரோலை வாரி இறைக்கும். மல்டிமீட்டர் வைத்தால், ஆறிய நிலையில் பொதுவாக இரண்டு கிலோ ஓம் அளவிலும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் காட்டும். சூடேறியும் எண் இறங்காவிட்டால் சென்சார் போச்சு. அடுத்து, பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர் வேக்குவம் குழாய் உள்ளது என்றால் அந்தக் குழாயை உருவிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளிருக்கும் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்கிறது. இரண்டும் சரியென்றால் சொட்டும் இன்ஜெக்டர். பேட்டரியையும் மறக்காதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பொறி பலவீனமாகி, நல்ல ப்ளக்கும் நனையும்.

கேள்வி: தெருவில் மழைத் தண்ணீர் பானெட் வரை ஏறி வடிந்தது. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. நீங்கள் சொல்லும் வழி இதற்கும் பொருந்துமா?
– சென்னை வாசகர்

பொருந்தவே பொருந்தாது. சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் பெட்ரோல் ஆவிபோல அமுங்காது; பிஸ்டன் அதில் முட்டினால் கனெக்டிங் ராட் வளையும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இன்ஷூரன்ஸுக்குத் தகவல் சொல்லி, டோ செய்து பட்டறைக்கு அனுப்புங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் ப்ளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, தண்ணீர் கலந்து வெளுத்துப்போன ஆயிலை வடித்த பிறகே செல்ஃப். ஸ்டார்ட் செய்து பார்த்ததால் வந்த சேதத்தை, என்ஜினுக்கென்று தனிக் கூடுதல் காப்பு (ஆட்-ஆன்) எடுக்காத பாலிசியில் பொதுவாக ஏற்கமாட்டார்கள். ஏற்கெனவே சாவியைத் திருப்பியிருந்தால் அதை மெக்கானிக்கிடம் மறைக்காதீர்கள். முதலில் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள்.