எண்ணூரில் வருவது ஊற்று இல்லை, அம்மாவைத் தப்தபாணிக்குக் கூட்டிப் போங்கள்

கேள்வி: எங்களுக்குத் தண்டையார்பேட்டை. அம்மாவுக்கு 64 வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் வலி. இயற்கை வெந்நீர் ஊற்றில் குளித்தால் வலி போகும் என்று யாரோ சொன்னதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். பொங்கல் லீவில் இமாசலப் பிரதேசத்து மணிகரண் ஊற்றுக்குக் கூட்டிப் போகலாமா? ‘அவ்வளவு தூரம் எதுக்கு, எண்ணூர் முகத்துவாரத்திலேயே சுடுதண்ணி வருதே’ என்கிறார் மச்சான். அது ஊற்றா?

பதில்: முதலில் மச்சான் விஷயத்தை முடித்துவிடுவோம். எண்ணூரில் தண்ணீர் சுடுவது உண்மைதான். ஆனால் அது பூமி சுட வைத்த தண்ணீர் இல்லை. அனல்மின் நிலையத்தில் இயந்திரங்களைக் குளிர்வித்துவிட்டு வெளியே விடும் நீர் அது. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் வலை போடுகிறவர்களைக் கேட்டால், அந்தச் சூட்டாலும் சாம்பலாலும் இறாலுக்கு என்ன ஆனது என்று ஒரு மணி நேரம் சொல்வார்கள். அதில் அம்மாவை இறக்காதீர்கள்.

மார்கழி விடியலில் நம் பக்கத்து போர் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நிலத்தடி நீர் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்கிறது. வெளியே குளிர்ந்திருப்பதால் நம் கைக்கு அப்படித் தெரிகிறது, அவ்வளவே.

உண்மையான ஊற்று வேறு கதை. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சூடு சுமார் 25 முதல் 30 டிகிரி ஏறும். மழைநீர் பாறைப் பிளவு வழியாக ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, ஆறுவதற்குள் இன்னொரு பிளவு வழியாக மேலே வந்துவிட வேண்டும். எரிமலை வேண்டியதில்லை. இந்தியாவில் சுமார் 340 ஊற்றுகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் இந்தப் பிளவுக் கதைதான். நமக்குக் கீழே பல்லாவரம் குன்றில் தெரிகிற அதே வகைப் பழம்பாறை, வடசென்னையில் அதன்மேல் களிமண்ணும் மணலும். தண்ணீர் அவ்வளவு ஆழம் போய்ச் சட்டென்று திரும்பி வர வழி இல்லை. நமக்கு வாய்த்தது உப்புத் தண்ணீர்தான்.

மணிகரண் வேண்டாம். ஊற்று வாயில் தண்ணீர் 90 டிகிரியைத் தொடும், குருத்வாரா சமையலுக்கே அதில் அரிசி வேக வைக்கிறார்கள். குளிக்கும் தொட்டிகளில் ஆற்றித்தான் விடுகிறார்கள், அது பிரச்சினை இல்லை. ஜனவரியில் இமாசல மலைப்பாதையில், அந்தக் குளிரில், முழங்கால் வலிக்காரரைப் படி ஏற்றி இறக்குவதுதான் பிரச்சினை. போய்ச் சேர்வதற்குள் இருக்கிற வலி இரண்டாகிவிடும். பத்ரிநாத் கோயில் வெந்நீர்க் குளமான தப்த குண்டத்தை யாராவது சொன்னால், பொங்கல் சமயத்தில் கோயிலே மூடியிருக்கும் என்று சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு ஏற்றது ஒடிசா. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சென்ட்ரலில் கிளம்பி கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தாண்டித்தான் வடக்கே போகிறது. தினமும் உங்கள் வீட்டுப் பக்கம் சத்தம் போட்டுக்கொண்டு ஓடும் வண்டிதான். பிரம்மபூரில் இறங்கி, இரவு அங்கேயே தங்கிவிட்டு, காலையில் காரில் 50 கிலோமீட்டர் சொச்சம் போனால் தப்தபாணி. கந்தகத் தண்ணீர், காட்டு மலைக்கு நடுவே. ஊற்றுக்கண்ணை அம்மனாகக் கும்பிடுகிறார்கள், அதில் குளிக்கக் கூடாது. அங்கிருந்து வரும் நீரில் பக்கத்துக் குளத்தில் குளிக்கலாம். சுற்றுலாத் துறை விடுதியில் ஊற்று நீரை அறைக் குளியல் தொட்டிக்கே கொண்டுவரும் வசதி உண்டு. அது இப்போது நடப்பில் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு அறை எடுங்கள். அம்மாவுக்குப் பொதுக் குளத்துப் பாசிப்படியைவிட அதுதான் நல்லது.

புவனேஸ்வரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் அத்ரி என்றொரு ஊற்றும் இருக்கிறது. நல்ல இடம்தான். ஆனால் நம் பொங்கல் அங்கே மகர சங்கராந்தி. அன்று திருவிழா, குழந்தை வரம் கேட்டுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அத்ரி போவதாக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போங்கள். அக்டோபர், நவம்பரில் மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம், புயல் வந்தால் ரயிலை ரத்து செய்துவிடுவார்கள்.

அம்மாவுக்கு பாஸ்போர்ட் இருந்தால் என் முதல் விருப்பமே வேறு. திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காகக் குத்தி எடுத்தான் என்கிற ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றும் சற்றே வேறு சூடு. உள்ளே இறங்க வேண்டாம், வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். ‘கொஞ்சம் தள்ளுங்கோ’ என்று தமிழே கேட்கும்.

இனி முக்கியமானது. சர்க்கரை பத்து வருஷம் என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். தண்ணீர் சுடுகிறதா என்று அம்மாவின் காலை நம்பாதீர்கள். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், சர்க்கரைக்காரருக்கு அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், காய்ச்சல் பார்ப்பது இல்லை, தண்ணீர் சூடு அளப்பது. 40 டிகிரிக்கு மேல் இருந்தால் பக்கெட்டில் பிடித்து ஆற விடுங்கள். பத்து நிமிஷம் போதும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், கையைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். காலில் புண் இருந்தால் இறக்கவே கூடாது. முங்குவதும் மூக்கில் தண்ணீர் ஏறுவதும் யாருக்கும் கூடாது, வெதுவெதுப்பான நன்னீரில் மூளையைத் தாக்கும் ஓர் அமீபா வாழும். அரிதுதான், வந்தால் பிழைப்பது கடினம். புறப்படும் முன் அம்மாவின் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வலி போகுமா? தசை தளர்ந்து சில மணி நேரம் இதமாக இருக்கும். தேய்ந்த மூட்டு திரும்ப வளராது. அதையும் அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பொங்கல் டிக்கெட்டுக்கு 60 நாள் முன்பே, முன்பதிவு திறக்கும் அன்று காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். அம்மாவின் வெள்ளிக் கொலுசு, மெட்டியை வீட்டிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கந்தக வாயு பட்டால் வெள்ளி கறுக்கும். என் மனைவி ஒருமுறை அப்படிக் கறுத்த கொலுசோடு வந்து, கலப்பட வெள்ளி விற்றுவிட்டான் என்று நகைக்கடையில் பெரிய சண்டையே போட்டுவிட்டாள். அப்புறம் மன்னிப்புக் கேட்கப் போனது நான்.