வாட்ச் இருக்கட்டும், மாத்திரை அட்டையைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 54 வயது. எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடையில் வேலை. 4 மாதத்துக்கு முன் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மகன் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்து, ஆப் மூலம் ஒரு 3 மாத இதய நலத் திட்டத்திலும் பணம் கட்டிச் சேர்த்துவிட்டான். இப்போது இரவு 10 மணிக்குக் கடையிலிருந்து வந்த பிறகும், 10,000 ஸ்டெப்ஸ் ஆகவில்லை என்று மொட்டை மாடியில் வேக வேகமாக நடக்கிறார். நடுராத்திரியில் எழுந்து எழுந்து நாடித்துடிப்பைப் பார்க்கிறார். ‘ஆப்பே எல்லாம் பார்த்துக்கும்’ என்று போன மாத ரிவ்யூவுக்கும் போகவில்லை. அடுத்த 3 மாதத்துக்குப் பணம் கட்டலாமா?

பதில்: சகோதரி, பணம் கட்டுவதைப் பிறகு பார்க்கலாம். முதலில் இந்த வாரமே ரிவ்யூவுக்கு அழைத்துப் போங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் இருக்க இன்னொரு மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரு வருடம் வரை அது தொடரும். டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அவர் எதை நிறுத்தினார், எதைச் சாப்பிடுகிறார் என்று எந்த வாட்ச்சுக்கும் தெரியாது.

சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், உட்கார்ந்ததுமே போனை மேஜையில் வைத்து 3 மாத வரைபடத்தைக் காட்டினார். எல்லாம் பச்சை. ‘மாத்திரை அட்டை கொண்டுவந்திருக்கிறீர்களா?’ என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்தார். காலை மாத்திரை அட்டையில் எல்லாம் காலி. இரவில் போட வேண்டிய கொழுப்பு மாத்திரையில் 15-க்கு 11 அப்படியே இருந்தது. கடை சாத்தி வந்த அசதியில் சாப்பிட்டுப் படுத்துவிடுவாராம். ஆப்பில் மட்டும் தினமும் ‘போட்டாச்சு’ என்று தட்டியிருக்கிறார். நீங்களும் இன்று ராத்திரி அட்டையை எடுத்து ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். சண்டை போடாமல் எண்ணுங்கள்.

இதற்காக ஆப் எல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 710 இதய நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2015-ல் வெளியானது. பாதிப் பேருக்கு வாரத்துக்கு 4 குறுஞ்செய்தி வீதம் 6 மாதம் அனுப்பினார்கள். சாதாரண எஸ்.எம்.எஸ்.தான். அவர்களுக்குக் கெட்ட கொழுப்பும் பி.பி.யும் எடையும் மற்றவர்களைவிடக் குறைந்தன, சிகரெட்டை விட்டவர்களும் கூடுதல். அப்புறம் இன்னும் பெரிதாக ஓர் ஆய்வு செய்தபோது, மாத்திரையை ஒழுங்காகப் போடும் விஷயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. போன் ஞாபகப்படுத்தும், ஊக்கம் கொடுக்கும். மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுக்க வீட்டில் ஒருவர் வேண்டியிருக்கிறது.

இந்த 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்பதுதான். வியாபாரத்துக்கு வைத்த எண் அது. எந்த இதய டாக்டரும் சோதித்துச் சொன்ன அளவு கிடையாது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான நடை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு. அதையும் டாக்டர் சம்மதத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எட்ட வேண்டும். நாள் முழுக்க நின்று துணியை உதறிக் காட்டி மடிக்கிற மனிதர், சாப்பிட்ட கையோடு மாடியில் ஓடுவது வேண்டவே வேண்டாம். காலையில் ராபின்சன் பார்க்கில் நடக்கட்டும், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். நடக்கும்போது உங்களோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதாது. அந்த வேகம் சரி.

வாட்ச் காட்டும் நாடித்துடிப்பு இலக்கை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் அட்டைகளில் மெட்டோப்ரோலால் அல்லது பிசோப்ரோலால் என்று இருக்கிறதா பாருங்கள். இதயத் துடிப்பைக் குறைத்து வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. வாட்ச்சோ வயதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, ‘இன்னும் வேகமாக’ என்கிறது. மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, வாட்ச் மறுபக்கம் விரட்டுகிறது.

நடுராத்திரியில் அவர் பார்ப்பதும் இதையேதான். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தூக்கத்தில் துடிப்பு 50-ஐ ஒட்டி இறங்குவது பரவலாக நடப்பதுதான். தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் சகோதரி, எண்ணைவிட அவருடைய பயம்தான் எனக்குக் கவலை. ஒரு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர், தூங்கினால் எழுவோமா என்று பயப்படுகிறார். அதை உங்களிடமோ மகனிடமோ சொல்ல அவருக்குக் கூச்சம், வாட்ச்சிடம் கேட்கிறார். ராத்திரி வாட்ச்சைக் கழற்றி வேறு அறையில் சார்ஜ் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ‘பயமா இருக்கா?’ என்று நீங்களே கேளுங்கள். மனச்சோர்வு தெரிந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாரடைப்புக்குப் பிறகு அது நிறையப் பேருக்கு வருவதுதான், சிகிச்சையும் உண்டு.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் மனதில் வையுங்கள். கையில் கட்டும் வாட்ச் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால், வாட்ச் பச்சை காட்டினாலும் உடனே 108.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆப்பில் ‘மீன்’ என்று பதிந்தால் நட்சத்திரம் கிடைக்கும். தட்டில் இருந்தது கருவாட்டுக் குழம்பு என்றால்? காசிமேட்டில் வாங்கிய நெத்திலியைக் குழம்பு வைத்தால் நல்லது; அதையே உப்புப் போட்டுக் காயவைத்தால் கதை வேறு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

இனி பணம். கட்டுவதற்கு முன் அந்தத் திட்டக்காரர்களிடம் மகனைக் கேட்கச் சொல்லுங்கள்: அப்பாவின் பி.பி.யை அனுப்பினால் அதை யார் பார்ப்பார்கள்? அளவு ஏறினால் எத்தனை மணி நேரத்தில் கூப்பிடுவார்கள், தமிழில் பேசுவார்களா? டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துவிட்டுத்தான் பயிற்சி கொடுத்தார்களா? தகுந்த டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ இருந்து, வாராவாரம் பேசி, உங்கள் டாக்டருக்கும் தெரிந்து நடந்தால் தாராளமாகக் கட்டலாம். ஆபத்து குறைவான நோயாளிகளுக்கு, வீட்டிலிருந்தே செய்யும் முறையான இதய மறுவாழ்வுப் பயிற்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செய்வதற்கு ஏறக்குறைய ஈடான பலன் தருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. எண்களை யாருமே பார்ப்பதில்லை என்றால் கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் மேல்கையில் கட்டும் பி.பி. மெஷின் ஒன்று வாங்குங்கள். காலையில் 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பார்த்து, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ரிவ்யூவுக்கு அந்த நோட்டு, எல்லா மாத்திரை அட்டைகள், வாட்ச் மூன்றும் போகட்டும்.

அடுத்த மாதம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஸ்டெப்ஸ் எத்தனை என்று வேண்டாம். ராத்திரி தூங்குகிறாரா என்று மட்டும் எழுதுங்கள்.