ஃபெலுவை ஏன் ‘டா’ போட்டுக் கூப்பிடுகிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

வங்க நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். பெயர்கள்தான் தடுக்கின்றன. பந்தோபாத்யாய, பந்த்யோபாத்யாய், பானர்ஜி மூன்றும் ஒரே குடும்பப்பெயர் என்பதே எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. அலுவலகத்தில் ஒரு வங்காளி நண்பர் இருக்கிறார். ‘பதேர் பாஞ்சாலி’ நாவலில் வரும் பையனை நினைத்து அவரிடம் ‘அபு’ என்றேன், யாரென்று புரியவில்லை. அதை எழுதியவர் பெயரை ‘விபூதிபூஷண்’ என்றேன், சிரித்துவிட்டார். அன்றிலிருந்து பெயர்களை வாசிப்பதையே விட்டுவிட்டேன். முதல் எழுத்தைப் பார்த்து இவர் இன்னார் என்று பிடித்துக்கொண்டு ஓடிவிடுகிறேன். வங்காளிகள் சொல்வதுபோலவே சொல்லிப் படிப்பதுதான் சரியா? தமிழில் க, ச, ட, த, ப வரிசைகளுக்கு நான்கு நான்கு எழுத்து இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார் நண்பர். ‘பதேர் பாஞ்சாலி’க்கு எந்த மொழிபெயர்ப்பை வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எது கையில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். வங்க நாவல் விஷயத்தில் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு நாம் இன்னும் வசதியாகவில்லை.

நான்கு எழுத்து விவகாரத்துக்குள் நான் வரப்போவதில்லை. பழைய சண்டை, அதில் ஜெயித்தவர் யாருமில்லை. உங்கள் நண்பரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். அவர் மொழியில் ச, ஷ, ஸ மூன்றுக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறதே, பேசும்போது மூன்றையும் ஏறக்குறைய ஒரே ‘ஷ’வாகத்தானே சொல்கிறார்? எழுத்து கூடினால் உச்சரிப்பு தானாகத் திருந்திவிடும் என்பதெல்லாம் சும்மா.

ஆனால் முதல் எழுத்தைப் பார்த்து ஓடிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நாவல் படிக்கிறீர்களா, ரேஷன் கடையில் பெயர் சரிபார்க்கிறீர்களா? ‘பதேர் பாஞ்சாலி’யில் வரும் கிராமத்தின் பெயர் நிச்சிந்திப்பூர். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘நிச்சிந்தை’ உள்ளே இருப்பது தெரியும், கவலையில்லாத ஊர். அந்த ஊரில்தான் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாத குடும்பம் ஒன்று ஒழுகுகிற வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டு அம்மாவின் பெயர் சர்வஜயா. எல்லாவற்றையும் வென்றவள்! பக்கத்து வீட்டுக்காரியின் ஏச்சைக்கூட வெல்ல முடியாதவளுக்கு அப்படி ஒரு பெயர். நீங்கள் ‘நி’ என்றும் ‘ச’ என்றும் ஓடினால் விபூதிபூஷண் வைத்துவிட்டுப் போனதை யார் எடுப்பது?

சரி, உச்சரிப்புக்கு வருவோம். வங்காளத்தில் அகரம் பெரும்பாலும் ஒகரமாகத்தான் வாயில் வரும். வகரம் பகரமாகிவிடும். சொல்லின் முதலில் வரும் யகரம் ஜகரமாகும். நம் பத்திரிகைகள் ஜாமீன் கேட்கப் போனவரைப்போல ‘ஜாமினி ராய்’ என்று எழுதுகிற ஓவியரின் பெயர் வேறொன்றுமில்லை, யாமினிதான். கூட்டெழுத்து வந்தால் ஒன்று இன்னொன்றை விழுங்கிவிடும். எழுதுவது லக்ஷ்மி, சொல்வது லொக்கி. எழுதுவது பத்மா, சொல்வது பொத்தா. விபூதிபூஷண் என்று நீங்கள் சொன்னதற்கு நண்பர் சிரித்தது அவருக்கு அது ‘பிபூதிபூஷொன்’ என்பதால். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் ‘தமிழ்’ என்று எப்படிச் சொல்கிறார் என்று நீங்களும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

அபு விஷயம் கொஞ்சம் வேறு. அவன் முழுப்பெயர் அபூர்வ குமார் ராய். வங்காளத்தில் அவனைக் கூப்பிடுவது ‘ஒப்பு’ என்பதற்கு நெருக்கமாக இருக்கும், அழுத்தமான பகரம். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் ஒற்றைப் பகரம் ‘கோபம்’, ‘சபை’ போல மெலிந்துதான் ஒலிக்கும். ஆகவே ‘அபு’ என்று அச்சடித்தால் நாம் அரபுப் பெயராகத்தான் வாசிப்போம், வாசித்தும் வருகிறோம். இரட்டைப் பகரம் போட்டு ‘அப்பு’ என்று எழுதினால் தீர்ந்தது. தெருவுக்கு ஒரு அப்பு இருக்கிற ஊர் நம்முடையது, பையன் பொருந்திப் போவான். இதற்கு நான்கு பகரம் எதற்கு? இருக்கிற பகரத்தை இரண்டு தடவை எழுதத் தெரிந்தால் போதும்.

இப்போது நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் ஒரு சாக்கு.

சத்யஜித் ராய் 1965இல் எழுதத் தொடங்கிய துப்பறியும் கதைகளின் நாயகன் பிரதோஷ் சந்திர மித்ரா. வீட்டில் கூப்பிடும் பெயர் ஃபெலு. வங்காளிகளுக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. கதையைச் சொல்கிறவன் தம்பி முறையாக வேண்டிய தொப்ஷே. அவன் அண்ணனைப் பெயர் சொல்லியா கூப்பிடுவான்? ஃபெலுதாதா, சுருக்கி ஃபெலுதா. ‘தா’ என்றால் அண்ணன். இது ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கில எழுத்துக்குத் தகரமும் டகரமும் ஒன்றுதான். அங்கிருந்து தமிழுக்கு வந்தபோது ‘ஃபெலுடா’ ஆகிவிட்டது. தம்பி மரியாதையாக ‘ஃபெலு அண்ணா’ என்று கூப்பிட்டதை நாம் ‘ஃபெலு, டா!’ என்று வாசித்துக்கொண்டிருக்கிறோம். அண்ணனை ‘டா’ போடுகிற தம்பியை வங்காளத்தில் என்ன செய்வார்களோ, எங்கள் வீட்டில் முதுகில் ஒன்று விழும்.

இதே ஆங்கிலம் தாகூருக்குச் செய்தது நேர்மாறு. வங்காளத்தில் அந்தப் பெயரின் முதலெழுத்து டகரம், நாக்கு மடிந்து மூச்சு தெறிக்கிற டகரம். நாம் ‘தா’ போட்டோம். டகரம் வேண்டிய இடத்தில் தகரம், தகரம் வேண்டிய இடத்தில் டகரம். இத்தனைக்கும் தகரத்துக்கும் டகரத்துக்கும் வித்தியாசம் காட்டாமல் தமிழில் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. பத்துக்கும் பட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாத குழந்தை நம் வீட்டில் உண்டா? வங்காளத்திலும் அப்படித்தான். இரண்டு பக்கமும் இருப்பதை, இல்லாத ஒருவரிடம் கொடுத்து வாங்குகிறோம். தமிழ் எழுத்தால் முடியாததற்குத் தமிழைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். தமிழால் தாராளமாக முடிகிற ஒன்றை இப்படித் தொலைத்துவிட்டு எழுத்து போதவில்லை என்று அழுதால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊர்ப்பெயர்கள் இன்னும் மோசம். பள்ளிப் பாடத்திலிருந்து செய்தித்தாள் வரை நாம் ‘மிட்னாபூர்’ என்று எழுதுகிறோம். அந்த ஊர்க்காரர்கள் எழுதுவது மேதினிபூர். அந்த ஊருக்கு எப்படிப் பெயர் வந்தது என்பது இருக்கட்டும், ‘மேதினி’ ஔவையார் பாட்டில் படித்த சொல், நம் வீட்டுச் சொல். வெள்ளைக்காரன் வாயில் நுழையவில்லை, அவன் மிட்னாபூர் ஆக்கினான், அவனுக்குக் காரணம் இருந்தது. நமக்கு என்ன கேடு? அதேபோல ‘பர்துவான்’. அது வர்த்தமானம். ‘மம்தா’ என்று தினமும் அச்சாகிற பெயருக்கு வங்காளத்தில் மூன்று அசை, மொமொதா. நடு அசையை விழுங்கியது இந்தியும் ஆங்கிலமும், நாமில்லை. ஆனால் விழுங்கியதை அப்படியே வாங்கிக்கொண்டோம்.

இது அவர்களுக்கும் நடக்கிறது என்பதை ஒரு தடவை வேலூரில் பார்த்தேன். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை எல்லாவற்றிலும் வங்காள எழுத்தில் போர்டு இருக்கும், சிகிச்சைக்காக அவ்வளவு பேர் அங்கிருந்து வருகிறார்கள். லாட்ஜ் பையன்கள் அண்ணனைத் ‘தாதா’, அக்காவைத் ‘திதி’ என்று சரியான தகரத்தோடு கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் புத்தகத்தில் படிக்கவில்லை, காதால் கேட்டார்கள். டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர், மனைவியின் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தார். என் கையில் இருந்த தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். அப்புவின் அப்பா பெயரைச் சொல்லி ‘ஹரிஹர்’ என்றேன். ‘ஹொரிஹொர்’ என்றார். ‘சர்வஜயா’ என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ‘ஆ, ஷொர்போஜொயா!’ என்றார், முகமே மாறிவிட்டது, சொந்த ஊர்க்காரியைப் பற்றி விசாரித்ததுபோல. அப்புறம் பேப்பர் ஒன்றை எடுத்து, தான் போக வேண்டிய இடத்தின் பெயரைச் சொல்லித் தரும்படி கேட்டார். அவர் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தது ‘காகிட்டாபத்தராய்’. பேப்பரை வாங்கிப் பார்த்தேன், ஆங்கில எழுத்தில் காகிதப்பட்டறை.

கவனியுங்கள், காகிதத்தில் டகரம் போட்டார், பட்டறையில் தகரம் போட்டார். இரண்டும் இடம் மாறிவிட்டன. வங்காளத்தில் இரண்டு எழுத்தும் வைத்திருக்கிற மனிதர்! நான் சொல்லிக் கொடுத்ததும் இரண்டாவது தடவையே ‘காகிதப் பட்டறை’ என்று அழகாகச் சொன்னார், றகரம் மட்டும் கொஞ்சம் வழுக்கியது. ஆட்டோக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றவர், ‘எப்படிச் சொன்னாலும் கொண்டுபோய் விட்டுடுவேன் சார், எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க’ என்றார். அவருக்கு அது தொழில்.

2020 ஜூனில் நம் அரசே 1018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று மாற்றி ஒரு ஆணை வெளியிட்டது ஞாபகம் இருக்கும். கோயம்புத்தூருக்கு எழுத்தெழுத்தாகச் சேர்த்ததில் பெயர் ஒரு முழம் நீண்டு, ஊரே சிரித்து, சில நாட்களில் ஆணையைத் திரும்ப வாங்கினார்கள். அப்போது எல்லோரும் எழுத்துக்கூட்டலைக் கேலி செய்தார்கள். ஆங்கில எழுத்துகளால் தமிழ் ஒலியைக் காட்ட முடியாது என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

உங்கள் கேள்வி என்ன? ஆமாம், வங்காளிகள் சொல்வதுபோலச் சொல்ல வேண்டுமா என்பது. வேண்டாம். ‘ஷொர்போஜொயா’ என்று தமிழில் அச்சடித்தால் அந்தப் பெரியவருக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் உங்களுக்கு உள்ளே இருக்கிற சர்வமும் ஜயமும் தெரியாமல் போய்விடும். அவர்களும் சர்வஜயா என்றுதானே எழுதுகிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் பொதுவான பெயர்களை எழுத்தின்படி வையுங்கள், லட்சுமி லட்சுமியாகவே இருக்கட்டும். ஃபெலு, தொப்ஷே மாதிரி வீட்டில் கூப்பிடுகிற பெயர்களை மட்டும் காதுக்குக் கேட்டபடி எழுத வேண்டும், ஏனென்றால் அவை கூப்பிடுவதற்காகவே உண்டானவை. இது என் கட்சி. இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு, மொழிபெயர்ப்பாளர்களிலேயே உண்டு, அவர்கள் எழுதட்டும், பதில் சொல்கிறேன்.

என் பெரியம்மா கிளை நூலகத்திலிருந்து வங்க நாவல்களைக் கொண்டுவந்து, மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்த பெண்களைத் திண்ணையில் உட்காரவைத்து உரக்க வாசிப்பார். சட்டோபாத்யாய என்று சொல்ல வராது. ‘சட்டோ வாத்தியார்’ என்பார். முகோபாத்யாய ‘முகோ வாத்தியார்’. கேட்டவர்களுக்கும் அப்படியே பழகிவிட்டது. பின்னால் தெரிந்துகொண்டேன், அந்த உபாத்தியாயர்தான் தமிழில் தேய்ந்து வாத்தியார் ஆனவர். பெரியம்மாவுக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் அலட்டிக்கொண்டிருக்க மாட்டார். அவருக்கு வேண்டியதெல்லாம் வாசிக்கும்போது நாக்கு நிற்கக் கூடாது, யார் செத்தார் யார் பிழைத்தார் என்று திண்ணையில் யாருக்கும் குழப்பம் வரக் கூடாது. தேவதாஸுக்காக அழுத பெண்களில் ஒருத்திகூட அவன் பெயரை வங்காளிபோலச் சொன்னதில்லை.

ஆகவே வாய்விட்டுப் படியுங்கள். தப்பாகச் சொன்னாலும் முதல் பக்கத்தில் சொன்னதையே கடைசிப் பக்கம் வரை சொல்லுங்கள். பானர்ஜியும் பந்த்யோபாத்யாயவும் ஒன்று, முகர்ஜியும் முகோபாத்யாயவும் ஒன்று, சாட்டர்ஜியும் சட்டோபாத்யாயவும் ஒன்று, இதை வேண்டுமானால் அட்டையின் உட்பக்கம் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ஆங்கில அட்டையைப் பார்க்காதீர்கள், பக்கத்து மேஜையில் வங்காளி இருக்கிறார், அவர் வாயைப் பாருங்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்த கடிதத்தில் நாவல் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். அப்புவின் அக்கா துர்காவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் ஒரு முழுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

அன்புடன்.